கைதட்டாத பிள்ளை

ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது. நீ கேட்கப்போகிற மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரியும் சின்னவனும் சுகந்தானே?

இந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு போன், அதுவும் தலைமையாசிரியர் மேஜையில். அதில் நான் உன்னிடம் அழுதாலும் சிரித்தாலும் மறுநாள் ஊரே துக்கமோ நலமோ விசாரிக்கும். அதனால் கடிதம்தான்.

மாடியில் ஓர் அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மீன் வளர்த்து விற்கிறவர். என் ஜன்னலைத் திறந்தால் அவருடைய மூன்று குளங்களும் அதற்கப்பால் நாணல் அடர்ந்த ஓடையும் தெரியும். மனிதர் வார்த்தையை எண்ணி எண்ணித்தான் செலவழிப்பார். மிச்சம் பிடித்த அத்தனையையும் அவர் மகள் பேசித் தீர்த்துவிடுகிறாள். என் நாலாம் வகுப்பில்தான் படிக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் வாயாடி. கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "வாய் எதுக்கு இருக்கு டீச்சர், பேசத்தானே" என்றாள்.

அழிந்துவரும் உள்ளூர் விலங்குகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. "உங்க ஊர் விலங்கு ஒண்ணு சொல்லுங்க" என்றேன். சிங்கம் என்றார்கள், ஒட்டகச்சிவிங்கி என்றார்கள். ஒருவன் டைனோசர் என்றான், அழிந்துவிட்டதே என்று நியாயமும் பேசினான். அப்படியே வரிசையாக ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேற்றில் சவ்வு விரல் பதிந்த காலடிகள். பக்கத்துப் பாறையில் மீன் செதிலும் நண்டு ஓடுமாக எச்சம். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள, வாயாடி மட்டும் குனிந்து மோந்து பார்த்தாள். "எங்க வீட்டு வாசனைதான் டீச்சர். இது மீன் திங்கற நாயா?"

நீர்நாய், தம்பி. இந்த ஓடையில் இன்னும் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

முதுகுக்குத் தைலம் தேய்க்கச் சோம்பல்படாதே.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம். முதுகு மட்டும் என்னைவிட வயதான ஆளுடையது போல நடந்துகொள்கிறது. பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் முதலில் படியேறித்தான் போக வேண்டும். இந்த வேலையின் லட்சணம் அது.

உன் கடிதத்தைச் சின்னவனுக்குப் படித்துக் காட்டினேன். நீர்நாய் குரைக்குமா என்று கேட்கிறான். எழுது.

ஒரு சந்தேகம். மீன் வளர்க்கிறவர் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு, மீன் திருடுகிற பிராணிக்கு வக்காலத்து வாங்குகிறாயே, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா? சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நீ புது இடத்தில் தனியாக இருக்கிறாய். பார்த்து நடந்துகொள்.

உன் கால் வீக்கம் குறைந்ததா? அதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டாய்.

தம்பி


ஜூலை 21

அன்புத் தம்பிக்கு,

கால் என் கால், வீங்கும், வடியும். அதை விடு. நீர்நாய் குரைக்காது, விசில் அடிப்பது போலக் கூப்பிடும் என்று சின்னவனிடம் சொல். நானே கேட்டேன்.

நேற்று விடிந்ததும் பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துப் போனேன். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாணலுக்குள்ளிருந்து தாய் ஒன்று வந்தது, பின்னாலேயே இரண்டு குட்டிகள். ஒரு குட்டி தண்ணீரில் இறங்கப் பயந்து கரையிலேயே கத்திக்கொண்டு நின்றது. தாய் திரும்பி வந்து அதைப் பிடரியில் கவ்வி உள்ளே போட்டது. வாயாடி என் புடவையைப் பிடித்து இழுத்து, "எங்கம்மா என்னைக் குளிப்பாட்டற மாதிரியே" என்று காதுக்குள் சொன்னாள்.

திரும்பி வந்ததும் பாடம் எடுத்தேன். தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், கல்லெறியக் கூடாது, வெளியாளிடம் இடம் சொல்லக் கூடாது. கடைசியில், "நாம காப்பாத்தலேன்னா வேற யாரு காப்பாத்துவா?" என்று கேட்டேன். "நாங்க காப்பாத்துவோம்" என்று ஒரே சத்தம். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வகுப்பு எனக்கு அமைந்ததில்லை.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல மனிதர். குளத்தில் மீன் குறைகிறது என்று ஒரு நாள் சொன்னார், அவ்வளவுதான். போன வாரம் சந்தைக்குப் போய் ஏதோ இரும்புச் சாமான் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறார். நடக்கும்போது கால் இடிக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. குடை வாங்கினாயா இல்லையா?

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

வனத்துறை அதிகாரி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சீருடை, பெல்ட், பூட்ஸ். ஜீப் வாசலில் வந்து நின்றதுமே பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். நீர்நாயைப் பற்றி எங்கள் வகுப்புதான் பேசியது. எப்படி வாழ்கிறது, என்ன தின்கிறது, ஓடைக்கு அது ஏன் வேண்டும் என்று ஆளுக்கொரு வரி, ஒருவர் தடுமாறவில்லை. அதிகாரி அசந்துபோனார். "இதுக்குப் பொறி வைக்கிறவங்களை நாங்க சும்மா விடமாட்டோம். கைவிலங்கு மாட்டி ஜீப்ல ஏத்திட்டுப் போயிடுவோம். வருஷக்கணக்கா உள்ளதான்" என்றார். பிள்ளைகள் கைதட்டியதில் கூரை பறந்துவிடும் போலிருந்தது.

வாயாடி மட்டும் கைதட்டவில்லை. தொண்டை வலிக்கிறது என்றாள். கைதட்டத் தொண்டை எதற்கு என்று கேலி செய்தேன். மழையில் நனைந்திருப்பாள்.

தலைமையாசிரியர் முதல் தடவையாக எனக்கு டீ வரவழைத்தார்.

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலமாக இருப்பது கிடக்கட்டும். உனக்கு என்ன ஆயிற்று?

ஆகஸ்டில் நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. மாதம் தவறாமல் எழுதுகிறவள் இப்படி இருக்கமாட்டாயே. பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் "டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க" என்றார். யாருக்கு உடம்பு என்று கேட்டால், "அவங்களே சொல்வாங்க" என்று வைத்துவிட்டார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் காலா? வீட்டுக்காரரோடு ஏதாவது தகராறா?

ஒரு வரி எழுது. கையெழுத்தைப் பார்த்தாலே போதும்.

தம்பி


செப்டம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

பயப்படாதே. எனக்கு ஒன்றுமில்லை. தெரிந்த ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனில் பேசினவர் எதையும் பாதியாகச் சொல்கிறவர்.

மழை விடவில்லை. ஓடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. அறையில் துணி காயமாட்டேன் என்கிறது. காலாண்டுப் பரீட்சை வருகிறது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சும்மா ஒன்று கேட்கிறேன். உன் வேலையில் கை நசுங்கினவர்கள் இருப்பார்களே. இரும்பில் விரல் மாட்டி எலும்பு முறிந்தால், கட்டுப் பிரித்த பிறகு எத்தனை நாளில் மடங்கும்? பென்சில் பிடிக்கிற அளவுக்கு வருமா? சின்னப் பிள்ளை என்றால் சீக்கிரம் கூடுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்து நேராக இருக்கிறது. அதனால் நசுங்கியது உன் கை இல்லை. அந்த மட்டும் மூச்சு வந்தது.

நீ கேட்டதற்கு முதலில் பதில். எங்கள் மேஸ்திரியின் கை முன்பு ஒரு தடவை லிஃப்ட் கதவில் மாட்டியிருக்கிறது. கட்டுப் பிரித்ததும் வெந்நீரில் கையை வைத்து, மெத்தென்ற பஞ்சை உள்ளங்கையில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தச் சொன்னார்களாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யச் சொல். வலிக்கிறது என்று விட்டுவிட்டால் விரல் விறைத்துப்போகும். அவருக்கு ஒரு விரல் இன்னும் மடங்காது. சின்ன எலும்பு சீக்கிரம் கூடும் என்கிறார்.

இனி என் கேள்வி. ஜூனிலிருந்து உன் கடிதங்களில் வாயாடி இல்லாத பக்கமே கிடையாது. இந்தக் கடிதத்தில் மழை இருக்கிறது, துணி இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, அவளை மட்டும் காணோம். நீர்நாயையும் காணோம்.

அக்கா, அது யார் கை?

தம்பி


அக்டோபர் 8

அன்புத் தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

வாயாடியின் கைதான். வலது கை.

அதிகாரி வந்துபோன மறு வாரம். விடிந்து பால்காரர் போன நேரம். குளத்துக்கரையில் ஓர் அலறல். ஜன்னலைத் திறந்தேன். அவள் அப்பா சேற்றில் மண்டியிட்டு இரண்டு கையாலும் எதையோ பிளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முதல் அலறலுக்குப் பிறகு அவள் சத்தமே போடவில்லை. நான் ஓடி இறங்கும்போது கையை விடுவித்துவிட்டார். பல் வைத்த இரும்புப் பொறி. குளத்துக்கும் ஓடைக்கும் நடுவிலிருந்த வரப்பில் வைத்திருந்தார். அதை மூடுவதற்குக் குச்சியால் தட்டியிருக்கிறாள். குச்சி முறிந்துவிட்டது.

ஒரு விரலைப் பாதியோடு எடுத்துவிட்டார்கள். இரண்டு விரல் எலும்பு முறிந்து, இப்போது மெல்லக் கூடிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அவர், "கதவுல நசுங்கிடுச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும், "டீச்சர், எம் பொண்ணுக்கு நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறவன்" என்றார். அவ்வளவுதான். தலைமையாசிரியர் கேட்டபோது நானும் கதவு என்றேன். அவளும் கதவு என்கிறாள். எந்தக் கதவு என்று யாரும் கேட்கவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த சாக்கில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும், தம்பி. ஒரு நாள் கால் இடித்தபோது வாய் அவிழ்ந்து பல் தெரிந்தது. பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டேன். வாடகைக்கு இருக்கிற இடத்தில் ஏன் வம்பு என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே வகுப்பில், நாம காப்பாத்தலேன்னா வேற யாரு என்று கேட்டேன். பொறியைக் கண்டால் தொடாதே, பெரியவர்களிடம் சொல் என்று மட்டும் சொல்லவே இல்லை. சொன்னால் உடனே என்னிடம்தானே வந்து சொல்வார்கள், அப்போது நான் ஏதாவது செய்தாக வேண்டுமே.

இப்போது வகுப்பில் அவள் இடம் காலி. மற்ற பிள்ளைகள் எப்போது ஓடைக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். எழுந்து கரும்பலகையைத் துடைக்கிறேன். நீர்நாய்க்காக ஒரு குழந்தையின் கையை வாங்கிவிட்டேன். அதிகாரியிடம் சொன்னால் அவள் அப்பாவைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் அந்தத் தாயும் குட்டிகளும்? மற்றப் பொறிகளை அவர் எடுத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுகிறேன்.

என்ன செய்யட்டும்?

அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன்னையும் அந்தப் பிள்ளையையும்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். என் மனைவி மெத்தைப் பஞ்சை உருட்டி, துணி சுற்றித் தைத்து அனுப்பியிருக்கிறாள். அழுத்திப் பழக.

நீ செய்தது சரியா தப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. அது உனக்கே தெரியும். தெரிந்ததால்தானே ஒன்றரை மாதம் இதை எழுதாமல் இருந்தாய்.

லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் எல்லோரும் மெக்கானிக்கைத்தான் கேட்பார்கள், என்ன ஆச்சு என்று. உள்ளே மாட்டிக்கொண்டு நின்றவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவரைக் கேட்டால் பாதி விஷயம் அவரே சொல்லிவிடுவார். நீ டாக்டர் கேட்டதை எழுதினாய், தலைமையாசிரியர் கேட்டதை எழுதினாய். அந்தப் பிள்ளையிடம், ஏன் அங்கே போனாய் கண்ணு என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?

அதிகாரியிடம் போவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம். முதலில் மாடியிலிருந்து கீழே இறங்கிப் போ.

மாற்றல் வந்தாலும் அவளிடம் பேசாமல் கிளம்பிவிடாதே.

தம்பி


நவம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். எனக்கு உடம்பு தேவலாம். கால் வீங்கவில்லை. இதை நீ கேட்காமலே சொல்கிறேன்.

கீழே இறங்கிப் போனேன். அவள் அம்மா குளத்துக்குப் போயிருந்தாள். வாயாடி கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உன் மனைவி அனுப்பிய பஞ்சுருண்டையைக் கொடுத்தேன். வாங்கி இடது கையில் வைத்துக்கொண்டாள். அப்போது தெருவில் ஏதோ வண்டி வந்து நின்றது. பிள்ளை சட்டென்று கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிதான். அது போகிற வரைக்கும் வெளியே வரவில்லை. நானும் தரையில் உட்கார்ந்து குனிந்து, "நீர்நாய்க்காகவா கண்ணு அங்க போன?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

"ஜீப் மறுபடியும் வரும்ல. பொறியைப் பாத்தா அப்பா கையில விலங்கு மாட்டிடுவாங்கல்ல. அதான் எடுத்து ஓடையில போட்டுடலாம்னு போனேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "நான் கதவுன்னுதான் சொன்னேன் டீச்சர். யார் கேட்டாலும் கதவுன்னுதான் சொல்றேன். சரிதானே?" என்றாள்.

அன்றைக்குக் கூரை பறக்கக் கைதட்டல் கேட்டுப் பூரித்துப்போய் நின்றேனே, அந்தச் சத்தத்துக்கு நடுவில் இந்தப் பிள்ளை எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பார்.

நேரே குளத்துக்குப் போனேன். அவர் தீவன வாளியோடு நின்றிருந்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீர்நாயைக் காப்பாத்தத்தான் போனாள்னு நெனச்சு, அவ மேல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கோபம் இருந்துச்சு டீச்சர்" என்றார்.

மறுநாள் காலையில் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். "கிளம்பலாமா?" என்றார். சாக்கு தோளில் இருந்தது. வனத்துறை அலுவலகம் வரைக்கும் பஸ்ஸில் அது எங்கள் காலடியில் கிடந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கும் தெரிந்திருந்தது என்று நானும் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர், பிள்ளை ஏன் போனாள் என்று கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். பிறகு எந்தக் கை என்று மட்டும் கேட்டார்.

வழக்கு உண்டு. பொறியில் பிராணி எதுவும் மாட்டவில்லை, தானாக வந்து ஒப்படைத்தார் என்பதால் அபராதத்தோடு முடியலாம் என்கிறார்கள். முடியாமலும் போகலாம். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது. தலைமையாசிரியர் இப்போது டீ வரவழைப்பதில்லை. மாற்றல் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவர்களே மாற்றினால்தான் உண்டு.

அன்று பஸ்ஸிலிருந்து அவர் இறங்கியதும் வாயாடி ஓடி வந்தாள். அவர் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டில் ஏதாவது தடம் இருக்கிறதா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

அவரை வகுப்புக்குக் கூப்பிட்டேன். பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, குஞ்சு விட்டு மீன் பெரிதாகிற கதையையும், ராத்திரிக்கு ராத்திரி அது காணாமல் போகும்போது வயிறு எப்படி எரியும் என்பதையும் சொன்னார். அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "அப்ப நீர்நாய் கெட்டதா மாமா?" என்று ஒருவன் கேட்டான். "அதுக்கும் குட்டிங்க இருக்கே" என்றார். பொறியைக் கண்டால் தொடக் கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் பாடம் எடுத்தேன். அந்தப் பெரியவர் நானாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

நீர்நாய்களை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. வெள்ளத்தில் இடம் மாறியிருக்கலாம் என்கிறார்கள். திரும்பி வருமா என்று பிள்ளைகள் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

நேற்று மாலை ஜீப் வந்தது. நிஜமான ஜீப். வீட்டு வாசலிலேயே நின்றது. மாடியிலிருந்து பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே போயிருப்பாள் என்று படியிறங்கி ஓடினேன். அவள் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அவள் அப்பா. அவரை மறைக்கிற மாதிரி இரண்டு கையையும் கதவு நிலையில் அகல வைத்திருந்தாள். ஒரு கையில் இன்னும் சின்னக் கட்டு.

"என்ன வேணும்?" என்றாள் அதிகாரியிடம்.

"குளத்தைச் சுத்தி வேலி போடக் கம்பி வலை கொண்டாந்திருக்கேன். தண்ணிக்குள்ள நீர்நாய் வராது, வெளிய ஒண்ணும் அடிபடாது. இறக்க ஒரு கை பிடிக்க ஆள் வேணும்" என்றார். சொன்ன பிறகுதான் அவள் கையைப் பார்த்தார். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

வாயாடி ஜீப்பின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். உள்ளே வலைச்சுருள் மட்டும்தான் இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தாள். அப்புறம் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்கும் ஒரு கைதான் நல்லா இருக்கு. அது போதும்ல?" என்றாள்.

ஒரு முனையை அவள் அப்பா பிடித்துக்கொண்டார். மறுமுனையை இடது கையால் இவள் பிடித்தாள். குளத்துக்குப் போகிற வழி முழுக்க, சுருளை எப்படித் தூக்க வேண்டும் என்று அந்த அதிகாரிக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வாய் மூடவே இல்லை.

சின்னவனுக்கு என் முத்தம். உன் மனைவியின் கைக்கும் ஒன்று.

அக்கா